முனிசாமி ஆகிய நான்

அறுபத்தாறு வயதில் ஒருவன் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறான் என்றால் ஜனங்களுக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். எங்கோ கடன் வாங்கிவிட்டு ஓடப் பார்க்கிறான், இல்லையென்றால் எவனோ ஒரு ஜோசியக்காரன் எழுத்தைக் கூட்டிக் கழித்து ஆசை காட்டியிருக்கிறான். ராபர்ட்சன்பேட்டை நோட்டரி வக்கீல் இரண்டாவது கட்சி. "இன்னா சார், நியூமராலஜியா?" என்று கேட்டார். என் பதிலுக்குக் காத்திராமல், தன் மச்சான் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டதும் அவனுக்குப் பெட்ரோல் பங்க் கிடைத்த கதையை ஆரம்பித்துவிட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுங்கள், போதும் என்றேன்.

காரணம் என்ற இடத்தில் அவரே ஏதோ டைப் அடித்து வைத்திருந்தார். நான் படித்துப் பார்க்கவில்லை. உண்மையான காரணத்தை அவர் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நோட்டரி மேஜையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை நான்.

இங்கே சொல்லிவிடுகிறேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாரிகுப்பத்தில் நான் இருக்கிற, சுரங்கத் தொழிலாளிகளுக்கு அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடுகளில் எனக்கு 'மிலிட்டரி' என்று பெயர். பால்காரருக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் மிலிட்டரி. எதிர்வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்த பியூலாவுக்கு மிலிட்டரி அங்கிள். சர்ச்சில் பாஸ்டர் எல்லாரையும் போல என்னையும் பிரதர் என்பார். பெங்களூரில் இருக்கிற மகன் இவான் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு 'டாடி' என்பான், மருமகள் பின்னாலிருந்து 'மாமா' என்பாள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் என்னை 'கிளாரன்ஸ்' என்று கூப்பிடுகிறவர்களில் கடைசியாக மிச்சமிருந்தவள் ஜூடித் ஒருத்திதான். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

ஜூடித் என் மனைவி. அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். லைன் முழுக்க அது ஒரு பேச்சாகவே இருந்தது. மற்ற பெண்கள் "என்னங்க", "இந்தாங்க" என்று சுற்றி வளைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அடுப்படியிலிருந்து குழாயடி வரைக்கும் கேட்கிற மாதிரி "கிளாரன்ஸ்!" என்று குரல் விடுவாள். தண்ணீர் வந்துவிட்டாலும் அதே குரல், தேள் வந்துவிட்டாலும் அதே குரல். புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "கொறைஞ்சா கொறையட்டுமே, பின்னாடியே நானும் கெளம்பிடப் போறேன்" என்றாளாம். கடைசியில் வரிசை மாறிப்போயிற்று.

அவள் போனபிறகும் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. டிவி ஓடுகிறது. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுகிறது. பொழுது விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் பைக்கை உதைத்து உதைத்து லைனையே எழுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு சத்தம் மட்டும் இல்லை. அது இல்லாமல் இருக்கப் பழகிவிடலாம் என்று நினைத்தேன். பழகவில்லை.

மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரை வாங்க மாஜி ராணுவத்தினர் கிளினிக்குக்குப் போவேன். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு பெண் கார்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாகக் கூப்பிடுவாள். "முனிசாமி!" என்றால் நான் எழுந்து போக வேண்டும். கார்டில் நான் முனிசாமி. ஒருநாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கார்டில் பெயர் மாறிவிட்டால் இந்தப் பெண் வேறு வழியில்லாமல் 'கிளாரன்ஸ்' என்று கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? பேங்கிலும் அப்படித்தானே? யோசித்துப் பார்த்தால் பிச்சை கேட்பது மாதிரிதான். கேவலம்தான். ஆனால் அதுவே போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முனிசாமி யார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுரங்க ஊரான எங்கள் தங்க வயலில் கேட்க மாட்டார்கள். எங்கள் ஜனத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இரண்டு பெயர் உண்டு. ஞானஸ்நானத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. கிறிஸ்தவப் பெயரோடு போய் நின்றால் ஜாதி சர்டிபிகேட் கிடைக்காது, சர்டிபிகேட் இல்லையென்றால் சலுகை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கிளாரன்ஸ், திங்கட்கிழமை முனிசாமி. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வாத்தியாருக்கும் தெரியும், பாஸ்டருக்கும் தெரியும். கர்த்தருக்குத் தெரியாமலா இருக்கும்?

பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தபோது பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு போனது முனிசாமிதான். இருபத்துநாலு வருஷ சர்வீஸில் காலையும் மாலையும் ரோல்காலில் அவன் பெயரைத்தான் கத்தினார்கள். பனியில் நின்றவன் அவன், பாலைவனத்தில் லாரி தள்ளியவன் அவன், ஹவில்தார் ஆனவனும் அவன். லீவில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கியதும் அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கிளாரன்ஸாக வீட்டுக்கு நடப்பேன். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இன்றைக்கும் நான் சாப்பிடுவது அவனுடைய பென்ஷனில்தான்.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில், ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாஜி ராணுவத்தினர் சங்கத்துக்கு ஒரு மாடி அறை இருக்கிறது. செயலாளர் மனோகர், ரிட்டயர்டு சுபேதார். எப்போது போனாலும் ஏதாவது ஒரு விழாவுக்கு பேனர் வாசகம் எழுதிக்கொண்டிருப்பார். வேலை பார்ப்பது நேத்ரா என்கிற கன்னடப் பெண். புருஷன் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறவன், வீட்டில் இரண்டு பிள்ளைகள். சிப்பாய் ரிட்டயர் ஆகிவிட்டாலும் அவனுடைய சர்வீஸ் ரெக்கார்டு ரெஜிமென்டின் ரெக்கார்டு ஆபீசில் இருந்துகொண்டேதான் இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அந்த ஆபீசுக்கு எது எழுத வேண்டுமென்றாலும் நேத்ராவின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எழுதுவார்கள்.

"அவசரப்பட்டு ஆதார்ல மாத்திடாதீங்க சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "அஃபிடவிட், பேப்பர் விளம்பரம், கெஜட். அதெல்லாம் வெச்சு ஃபர்ஸ்ட் ரெக்கார்டுல மாத்தணும். அங்க மாறினாத்தான் பென்ஷன் ஆர்டர்ல மாறும். அப்பறம் கார்டு, ஆதார், பேங்க். முன்னாடியே அங்க இங்க கை வெச்சீங்கன்னா பென்ஷன் நின்னுடும்."

மனோகர் பேனரிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னாத்துக்கு ஹவில்தார் இந்த வயசுல இதெல்லாம்? பொண்ணு கிண்ணு பாத்துகினு கீறியா?"

"ஆமா சாப், பங்காருப்பேட்டைல ஒண்ணு பாத்து வெச்சிக்கிறேன்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன்.

பேப்பரில் விளம்பரம் வந்தது. 'முனிசாமி ஆகிய நான் இன்றுமுதல் கிளாரன்ஸ் என்று அழைக்கப்படுவேன்.' அழைக்கப்படுவேன் என்று அச்சிலேயே போட்டுவிட்டார்கள். யார் அழைப்பார்கள் என்று போடவில்லை. பக்கத்துக் கட்டத்தில் காணாமல் போன ஒரு நாயின் படம் இருந்தது. அந்த நாய்க்காவது தேட ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உடனே என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இப்படிப் பரிதாபப்பட்டுக்கொள்கிற கிழவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

யாரோ அந்த விளம்பரத்தைப் படமெடுத்து இவானுக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் வாரநாளிலேயே கூப்பிட்டான்.

"டாடி, இன்னா இது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என் பாஸ்போர்ட்ல ஃபாதர் நேம் முனிசாமின்னு இருக்கு. நாளைக்கு எனக்கு ஏதாவது பிராப்ளம் வந்தா?"

"வராது. கேட்டுட்டேன்."

"எதுக்கு டாடி ஆனா?"

அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் கெட்ட பிள்ளை இல்லை. சொன்னால் அழுதிருப்பான், அந்த வாரமே வந்து என்னைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பான். அங்கே பன்னிரண்டாவது மாடியில் உட்கார்த்தி வைத்து, எல்லாரும் என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டிருப்பார்கள். "சும்மாதான்" என்றேன். அவனும் ஆபீஸில் இருந்தான். சரி டாடி என்று வைத்துவிட்டான்.

கெஜட் வெளிவந்த அன்று நேத்ரா வரச் சொன்னாள். திரையில் பக்கத்தைப் பெரிதாக்கி, வரிசையாக இருந்த பெயர்களில் விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி வாசித்தாள். "கிளாரன்ஸ்."

ஒரு பெண்குரலில் அந்தப் பெயரை மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். "கண்ணாடி எடுத்தாரலம்மா, கரெக்டா போட்டுக்கிறாங்களான்னு தெரியல. இன்னொரு தபா படி" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது, அவளுக்கு எதிரே நன்றாகத் துருத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் வாசித்தாள்.

"இப்ப லீகலா நீங்க கிளாரன்ஸ், சார். ரெக்கார்டு ஆபீஸ்ல ஏத்திட்டாங்கன்னா ஆயித்து" என்று கன்னடத்தில் முடித்தாள்.

அன்று பஜாரில் கால் கிலோ கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். வரும் வழியெல்லாம் அந்தக் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் கூப்பிடுகிறாள். முதல் தடவை எனக்குக் காது கேட்காது. இரண்டாவது தடவையும் கேட்காது. மூன்றாவது தடவை அவள் கோபமாகக் கத்துவாள், அப்போது எழுந்து போவேன். கிழவனுக்கு எவ்வளவு திருட்டுத்தனம் பாருங்கள். கறியில் உப்பு கூடிப்போனதைக் கூட நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் போய், சுரங்கக் கழிவு குவிந்து கிடக்கிற சைனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி மறுபடி பறக்கத் தொடங்கியபோது ரெக்கார்டு ஆபீசிலிருந்து பதில் வந்தது. ஒழுங்கான மனிதர்கள். மாற்றத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். புதுப் பதிவு எப்படி இருக்கும் என்று ஒரு நகல் அனுப்பி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நேத்ரா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

பெயர், கிளாரன்ஸ். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கீழே வந்தேன். மனைவி பெயர், செல்வமணி. பக்கத்தில் காலமானவர் என்று போட்டிருந்தது.

"இத மாத்தலயாம்மா?"

"எத சார்?"

"சம்சாரம் பேர. ஜூடித்னு வரணும்."

நேத்ரா பழைய காகிதங்களைப் புரட்டினாள். "நீங்க உங்க பேருக்குத்தானே அப்ளை பண்ணீங்க சார். அவங்க பேர மாத்தணும்னா அவங்களே அஃபிடவிட் குடுக்கணும். அவங்க சைன்..." என்று நிறுத்திக்கொண்டாள். "சாரி சார்."

"நான் புருஷன். நான் போடறேன் சைன்."

அவள் பெங்களூரில் இருக்கிற ரெக்கார்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். பாதி ஹிந்தியிலும் பாதி கன்னடத்திலும் நெடுநேரம் பேசினாள். எனக்காகக் கெஞ்சினாள் என்றே சொல்லலாம். போனை வைத்துவிட்டு, "உயிரோட இருக்கிறவங்க பேரத்தான் மாத்த முடியுமாம் சார். அவங்க போறப்ப ரெக்கார்டுல என்ன பேர் இருந்துச்சோ அதுதான். டெத் சர்டிபிகேட்டும் அந்தப் பேர்லதானே இருக்கு" என்றாள். "அந்த சார் நல்லாத்தான் பேசினார். ரூல் அப்படியாம்."

"இதுல இன்னா இப்ப?" என்றார் மனோகர். "சைன் போட்டுக் குடுத்துட்டுப் போ. உன் பேரு வந்துடுச்சில்ல?"

நாளைக்கு வருகிறேன் என்று காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

செல்வமணி வேறு யாருமில்லை. ஜூடித்தான். அவளுடைய பள்ளிக்கூடப் பெயர். எங்களுக்கு இரண்டு தடவை கல்யாணம் நடந்தது. ஒரு சனிக்கிழமை சர்ச்சில் கிளாரன்ஸுக்கும் ஜூடித்துக்கும் பாஸ்டர் நடத்தி வைத்தார். அந்த சர்டிபிகேட்டை யூனிட்டுக்கு எடுத்துப் போனால், எங்கள் கம்பெனியில் கிளாரன்ஸ் என்று யாருமே இல்லையே என்பார்கள். ராணுவத்தில் ஒருவனுக்குக் கல்யாணமானாலும் பிள்ளை பிறந்தாலும் ஆர்டர் போட்டுத்தான் ரெக்கார்டில் ஏற்றுவார்கள். அதனால் லீவு முடிவதற்குள் ராபர்ட்சன்பேட்டை ரிஜிஸ்தர் ஆபீசில் முனிசாமிக்கும் செல்வமணிக்கும் இன்னொரு கல்யாணம். ஜூடித் அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வந்ததும், "சனிக்கெழம ஒருத்தன், செவ்வாக்கெழம ஒருத்தன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொடப்பக்கட்டதான்" என்றாள்.

ஆர்டர் வந்தது. முனிசாமியின் மனைவி செல்வமணி. அதற்குப் பிறகு ராணுவத்திலிருந்து வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவளுக்குக் கொண்டாட்டம். "உன் மூத்தாளுக்கு லெட்டர் வந்துகீது" என்பாள். "கேன்டீன் கார்டு அவளுக்கு, ஆஸ்பத்திரி அவளுக்கு. நான் இன்னாத்துக்கு கீறேன், சோறாக்கிப் போடவா?"

மூன்று வருஷம் வடக்கே குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அங்கே கதவில் முனிசாமி என்று பலகை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை ஹிந்தியில் அண்ணி என்கிற மாதிரி "செல்வமணி பாபி" என்றார்கள். முதலில் அவளுக்கு அது காதிலேயே விழவில்லை, பிறகு பழகிக்கொண்டாள். செல்வமணிதான் அங்கே குளிரில் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டாள், ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். இவானைப் பெற்றதும் அங்கேதான். வெளியே இருக்கும்போது என்னைக் கூப்பிடவே மாட்டாள், கையால்தான் ஜாடை காட்டுவாள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான், பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்காமல், "கிளாரன்ஸ்" என்பாள்.

அந்தக் காகிதத்தை வீட்டில் டிவி மேஜைமேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எடுத்து எடுத்துப் படித்தேன். கிளாரன்ஸ், மனைவி செல்வமணி. யார் இவர்கள்? இந்த இரண்டு பேருக்கும் கல்யாணமே நடக்கவில்லையே. பாஸ்டரும் நடத்தவில்லை, ரிஜிஸ்தராரும் நடத்தவில்லை. முனிசாமியை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் யாரோ ஒருவனை அவள் பக்கத்தில் உட்கார வைத்தது மாதிரி இருந்தது. அந்த யாரோ ஒருவன் நான்தான். அப்படியும் எனக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவான் கூப்பிட்டபோது சொன்னேன். "உங்க அம்மா பேரு செல்வமணின்னே நிக்கிது. மாத்த முடியாதாம்."

"இருக்கட்டும் டாடி. யாரு பாக்கப் போறாங்க? பேப்பர்தானே."

"ஆமா, பேப்பர்தான்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பேசியது தப்பா சரியா என்று கேட்க ஆள் இருந்தால் நன்றாக இருக்கும். இந்த வீட்டில் அது அவளுடைய வேலை. நான் எதைச் செய்தாலும் முதலில் அவளிடம் சொல்வேன், அவள் மூக்கைச் சுளித்தால் விட்டுவிடுவேன். இந்தப் பெயர் விஷயம் ஒன்றைத்தான் அவள் இல்லாமல் நானாக ஆரம்பித்தேன்.

மதியத்துக்கு மேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜூடித் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். கல் வெட்டும்போது கிளாரன்ஸ் என்றுதான் வெட்டுவார்கள். பாஸ்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மண்ணைப் போடுவார். அதற்கு எந்த ஆபீஸிலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆக, ஜூடித்தைப் பற்றிக் கவலையில்லை, அவளுக்குக் கிளாரன்ஸ் வந்து சேர்ந்துவிடுவான். அந்த இன்னொருத்தியை நினைத்தால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பெங்களூரில் ஏதோ ஒரு அலமாரியில் இத்தனை வருஷமாக முனிசாமிக்குக் கீழே ஒரு வரியில் இருக்கிறாள். பத்து பேருக்குக்கூடத் தெரியாத பெயர். அவளுக்கு அங்கே அவனைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அவள்தான் எங்கும் எழுந்து போக முடியாது. அவனாவது அவளோடு இருக்க வேண்டாமா?

பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிந்தது. இவானிடம் சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போவான். ஆனால் தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். அதில் இன்னொருத்தரைத் தெரிந்தே விட்டுவிட்டு வர என்னால் முடியாது. கிளினிக்கில் அந்தப் பெண் இனியும் 'முனிசாமி' என்றுதான் கூப்பிடுவாள். கிளாரன்ஸ் என்ற சத்தத்தை நான் சாகிறவரை இனி எந்த வாயிலிருந்தும் கேட்கப் போவதில்லை. அதையும் எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். அழுகை வந்தது. அங்கே யாரும் இல்லாததால் அழுதேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். கையெழுத்துப் போடாத நகலை நேத்ராவின் மேஜைமேல் வைத்தேன்.

"வேணாம்மா. பழையபடி முனிசாமின்னே இருக்கட்டும். வாபஸ் வாங்கிக்கிறேன்னு எழுதிடு."

அவள் நம்பாமல் பார்த்தாள். "சார், கெஜட்டே வந்தாச்சு. லீகலா உங்க பேர் இப்ப கிளாரன்ஸ். திரும்ப முனிசாமின்னு மாத்த இன்னொரு அஃபிடவிட், இன்னொரு விளம்பரம், இன்னொரு கெஜட்... எல்லாம் முதல்லேர்ந்து பண்ணணும்."

"பண்ணலாம். எனக்கு இன்னா வேலை?"

"நல்ல கதையா கீதே!" என்றார் மனோகர். "ஊரெல்லாம் டமாரம் அடிச்சிட்டு இப்ப பழைய பேரே வேணுமா? அந்தப் பங்காருப்பேட்டைப் பொண்ணு வேணாம்னுட்டாளா?"

நேத்ரா ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம் அடிக்க ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"காரணம் கேப்பாங்க சார். அப்ளை பண்ணி, அவங்க ஓகே பண்ணி, இப்ப வேணாம்னு சொல்றோம். ஏதாவது எழுதணும். என்ன எழுதட்டும்?"

"மனைவிக்குச் சம்மதம் இல்லன்னு எழுதும்மா."

மனோகர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார்" என்றாள் நேத்ரா மெதுவாக. "அவங்கதான்..."

"தெரியும்மா. நீ எழுது."

அவள் மறுபடி டைப் அடிக்க ஆரம்பித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மனைவி பேரு சார்?"

இத்தனை வருஷத்தில் அவளை நான் அந்தப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோதுகூட இல்லை.

"செல்வமணி" என்றேன். குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே, சொன்னேன்.